கால் முளைக்கும் வரை விழா

ஒரு காட்டில், மழை பெய்ய வேண்டிய மாதத்தில் மழையைப் பற்றிய கூட்டங்கள் பெய்துகொண்டிருந்தன. 'அவன் காட்டில் மழை' என்று மனிதர்கள் சொல்வார்களாமே, அந்தக் காடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விலங்குகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. யாருக்கும் வழி தெரியவில்லை.

அந்தக் காட்டுக்கு ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சிங்கம் இல்லாத கதைக்குள் நீதி வராது, வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே சிங்கம் இருந்தது. அதற்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. குகையில் ஒரு குளிர்பெட்டி வைத்துக்கொண்டது.

குளிர்பெட்டி குளிரை உள்ளே விடும், சூட்டை வெளியே துப்பும். ராஜா குகையின் சூடு பக்கத்துக் குகையிலிருந்த சிறுத்தையின் முகத்தில் அடித்தது. ராஜாவிடம் போய், 'உங்க சூடு எம்மேல அடிக்குது' என்று சொல்ல முடியுமா? சிறுத்தையும் ஒரு பெட்டி வாங்கியது. சிறுத்தையின் சூடு காட்டெருமைக்குப் போனது. காட்டெருமையின் சூடு கரடிக்குப் போனது. கரடியின் குகைதான் கடைசிக் குகை. அதற்கு அப்பால் ஒரு சின்னக் குட்டை. குட்டைக்குக் குளிர்பெட்டி வாங்கும் வசதி இல்லை.

பெட்டி ஓட அடுப்பு எரிய வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். விறகுக்கு மரம் வேண்டும். மரம் குறைந்ததும் வெயில் ஏறியது. வெயில் ஏறியதும் பெட்டியைக் கூட்டி வைத்தார்கள். இந்த வட்டத்தில் எந்த இடத்தில் கை வைத்தாலும் அது யாராவது ஒரு பெரியவரின் மடியில்தான் போய் விழும். அதனால் யாரும் கை வைக்கவில்லை. கை தட்டினார்கள்.

கடைசியில் இருந்த அந்தக் குட்டையில்தான் தங்கப்பழம் என்ற தவளை குடியிருந்தது. தங்கப்பழத்துக்கு விவரம் போதாது என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு தப்புப் பண்ணிவிட்டது. கோடை நடுவில், யாரும் கேட்காமல், ஒருநாள் மழை கொட்டியது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மழை கொட்டினால் முட்டையிடுவது தவளைக் குலத்தின் வழக்கம். மழையிடம் போய், 'நீ இந்த மாசத்து மழைதானா?' என்று கேட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. தங்கப்பழம் நம்பி முட்டையிட்டது. மழை அதோடு சரி. மறுநாள் வானம் துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது.

முட்டைகள் பொரிந்தன. குட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாகத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. தலைப்பிரட்டைக்கு வால் இருக்கிறவரை தண்ணீர்தான் வீடு. கால் முளைத்தால் கரையேறித் தப்பித்துக்கொள்ளும். முளைப்பதற்குள் குட்டை வற்றினால் கறுப்பு வத்தல்தான்.

ஒரு பக்கம் கால் முளைக்க வேண்டும். இன்னொரு பக்கம் கரடி குகையின் சூட்டுக்காற்று தண்ணீரை நக்கிக்கொண்டே இருந்தது. தங்கப்பழம் தினமும் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காலைக் காணோம்.

பார்த்துக்கொண்டே இருந்தால் ஆகாது என்று ஒருநாள் கிளம்பி, காட்டின் விழிப்புணர்வு அலுவலகத்துக்குப் போனது.

அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் பரஞ்சோதி என்ற பச்சோந்தி. பசுமைக்கான அந்தப் பதவிக்கு நினைத்தபோது பச்சையாக மாறத் தெரிந்தவர் என்ற தகுதி வேறு யாருக்கும் இல்லாததால், போட்டியின்றித் தேர்வானவர். அலுவலகத்தில் பெட்டி ஓடிய குளிரில் அவர் சாம்பல் நிறமாகி, சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். தங்கப்பழத்தைக் கண்டதும் சிரமப்பட்டுப் பச்சையானார்.

"வாங்கம்மா. என்ன விஷயம்?"

"குட்டை வத்துது சார். பிள்ளைங்களுக்கு இன்னும் கால் வரலை."

"ரொம்ப முக்கியமான அறிகுறி" என்றார் பரஞ்சோதி. "இதைத்தான் நாங்க எல்லாக் கூட்டத்துலயும் சொல்லிக்கிட்டு இருக்கோம். நீங்க வந்ததுல எனக்கு ரொம்பச் சந்தோஷம்."

"கரடியார் உச்சிவெயில் நேரத்துல மட்டும் பெட்டியை நிறுத்தினாப் போதும் சார். குட்டை தாங்கிரும்."

பரஞ்சோதியின் ஒரு கண் தங்கப்பழத்தைப் பார்த்தது. இன்னொரு கண் தானாகக் கதவைப் பார்த்தது. "இங்க பாருங்கம்மா, அடுத்தவங்களைக் கைகாட்டுறது சுலபம். மாற்றம் நம்மகிட்ட இருந்து தொடங்கணும். நீங்க தனிப்பட்ட முறையில என்ன செஞ்சிருக்கீங்க? பல் துலக்கும்போது குழாயை மூடுறீங்களா?"

"குழாய் கிடையாது சார். துலக்குற பழக்கமும் இல்ல."

"வெளியே போகும்போது விளக்கை அணைக்கிறீங்களா?"

"விளக்கு எங்க சார் இருக்கு? எப்பவாச்சும் மின்மினி வரும். வந்தா அதை முழுங்கிருவேன்."

"பாத்தீங்களா! உங்களுக்கே தெரியாம நீங்க ஒரு முன்மாதிரி" என்று பரவசப்பட்ட பரஞ்சோதி, தங்கப்பழத்தின் நெஞ்சில் ஒரு பச்சைச் சின்னத்தைக் குத்தினார். "இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் கண்ணுல படுற மாதிரி உக்காருங்க. விழிப்புணர்வு தானா பரவும்."

தங்கப்பழம் சின்னத்தோடு திரும்பி வந்து, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தது. நாலு பேர் கண்ணில் படுகிற இடம் என்பது வெயில் நேராக விழுகிற இடம். முதுகு பொரிந்தது. கால் முளைக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தங்கப்பழம் வாயைத் திறந்து பார்த்துவிட்டது. கெடவும் இல்லை, நடக்கவும் இல்லை.

இதற்கிடையில் சுற்றுச்சூழல் நாள் வந்தது. அந்தக் காட்டில் ஆண்டுதோறும் அந்த நாளில் ராஜா ஒரு மரக்கன்று நடுவார். புதிதாக ஒரு குழி வெட்டுவது வேலை கெட்ட வேலை என்பதால், ஒரே குழியில்தான் எப்போதும் நடுவார். அந்தக் குழி குட்டைக் கரையில்தான் இருந்தது. போன ஆண்டுக் கன்றின் காய்ந்த குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இந்த ஆண்டுக் கன்றை வைப்பார்கள். ஒவ்வொரு நடவுக்கும் ஒரு கல்வெட்டு. மரம்தான் வரவில்லையே தவிர, குழியைச் சுற்றிக் கல்வெட்டுகள் தோப்பாக வளர்ந்திருந்தன. வழிப்போக்கர்கள் அந்த நிழலில்தான் ஒதுங்குவார்கள்.

விழா நாள் காலையில் கொம்பையா வந்தது. கொம்பையா அந்தக் காட்டின் யானை. காட்டுக்குத் தண்ணீர் லாரி என்றால் அதுதான். துதிக்கை நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து குழியைச் சுற்றிப் பீய்ச்சியது. மறுபடி போனது, மறுபடி வந்தது. தரை நனைந்தது. நனைந்த தரை வழிந்தது. வழிந்த தண்ணீர், பள்ளத்தைத் தேடி, குட்டைக்குள் இறங்கியது.

பிள்ளைகள் துள்ளின. தங்கப்பழத்துக்கு வாய் ஓயவில்லை.

"அண்ணே! கொம்பையாண்ணே! நீங்க நல்லா இருக்கணும். எம்பிள்ளைகளுக்காகவா ஊத்துறீங்க?"

"எந்தப் பிள்ளை?" என்றது கொம்பையா. "ராஜா வாராருல்ல? தூசி பறந்தா பிடரி அழுக்காயிரும். அதுக்குத்தான்."

"எதுக்கா இருந்தா என்னண்ணே. தண்ணி எங்க இருந்து எடுக்கிறீங்க?"

கொம்பையாவின் காது ஆடுவது ஒரு நிமிடம் நின்றது. "கீழ எங்கயோ. கேக்காத தாயி."

தங்கப்பழம் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் எங்கே?

ராஜா வந்தார். கன்றை நட்டார். பூமித்தாய் பற்றிப் பேசினார். எல்லோரும் வலது முன்னங்காலை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பாம்பு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் மொத்த உடம்பையும் நீட்டிப் படுத்துக்கொண்டது. வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்ட துணிப்பை கொடுத்தார்கள். விழாப் பந்தலில் வெந்துபோன பெரியவர்கள் குகைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பெட்டியைக் கூட்டி வைத்தார்கள். புகைப்படம் எடுத்து முடிந்த கையோடு மானொன்று கன்றைத் தின்றுவிட்டது. அதுவும் உறுதிமொழி எடுத்த மான்தான்.

சில நாட்களில் குட்டை மறுபடி சுருங்கியது. பிள்ளைகளின் வாலடியில் இரண்டு மொட்டுகள் தெரிந்தன. பின்னங்கால்! மொட்டுதான், கால் இல்லை.

தங்கப்பழம் உட்கார்ந்து யோசித்தது. மனு கொண்டுபோனேன், சின்னம் குத்தினார்கள். ராஜா வந்தார், தண்ணீர் வந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுபடி பரஞ்சோதியிடம் போனது. இந்த முறை கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது.

"சார், அன்னைக்கு நம்ம விழாவைப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரே விழிப்புணர்வா இருக்கு. உறக்கமே வரலை."

பரஞ்சோதி தானாகவே பச்சையானார். "அப்படியா?"

"மரத்துக்கு ஒரு நாள் இருக்கு. குட்டைக்கு ஒண்ணு வேண்டாமா சார்? குட்டைப் பாதுகாப்பு நாள். ராஜா குட்டையைப் பாத்துக் கையசைக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தா, பக்கத்துக் காட்டுக்காரன் வயிறு எரியும்."

பரஞ்சோதியின் இரண்டு கண்களும் முதல்முறையாக ஒரே திசையில் பார்த்தன. "அம்மா, நீங்க முதல்ல வந்தப்போ நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்."

"என்ன சார் நினைச்சீங்க?"

"பிரச்சினையோட வந்திருக்கீங்கன்னு."

குட்டைப் பாதுகாப்பு நாள் நடந்தது. கொம்பையா முந்தியதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கொண்டுவந்தது; வற்றிய குட்டையைப் பார்த்து ராஜா கையசைத்தால் படம் நன்றாக வராதல்லவா? அடுத்து ஆவியாதல் எதிர்ப்பு வாரம். அதற்கடுத்து, வெயிலில் பணியாற்றும் ராஜாவுக்குப் பாராட்டு விழா. அதற்கு மேல் பரஞ்சோதிக்கே தலைப்பு ஓடவில்லை. தங்கப்பழம்தான் எடுத்துக்கொடுத்தது. "நீரின்றி வாழ முடியாதோர் நாள்னு வைங்க சார். எல்லாரும் அதுல அடங்கிருவாங்க."

தங்கப்பழத்துக்கு இப்போது கூட்டம் நடத்துவதில் ஒரு கை வந்துவிட்டது. யாரை முன்வரிசையில் வைப்பது, கரடிக்கும் காட்டெருமைக்கும் சண்டை வராமல் எப்படி மாலை போடுவது, எல்லாம் அத்துப்படி. வரவேற்புரையும் அதுதான். குரல் எட்டூருக்குக் கேட்கும். ஒவ்வொரு விழா முடிந்ததும் மேடையிலிருந்து ஒரே தாவாகக் குட்டைக்குப் போய்ப் பிள்ளைகளை எட்டிப்பார்க்கும். பின்னங்கால் வந்துவிட்டது. முன்னங்காலுக்குத் தோள் புடைக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் ஒரே ஒரு விழா.

கொம்பையாவுக்குத்தான் வரவர நடை கூடியது. ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்தது. துதிக்கைத் தண்ணீரில் சேறு கலந்திருந்தது.

"ரொம்ப இறங்கி எடுக்க வேண்டியிருக்கு தாயி" என்றது ஒருநாள்.

தங்கப்பழம், "பந்தக்கால் நட்டாச்சான்னு பாத்துட்டு வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத் தாவிப் போய்விட்டது.

அந்தக் கடைசி விழாவில்தான் யாரும் எதிர்பாராத ஒரு அசம்பாவிதம் நடந்தது. ராஜா மனதிலிருந்து பேசிவிட்டார்.

அடுத்தடுத்த விழாக்களில் தன் பேச்சைத் தானே கேட்டுக் கேட்டு அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டதோ என்னவோ. எழுதிக்கொடுத்ததை மடக்கி வைத்துவிட்டு, பிடரியைக் கோதிக்கொண்டு சொன்னார்: "இத்தனை நாளும் நானே பேசிட்டு இருக்கேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்யணும்? என் குகையில இருக்கிற பெட்டியை அணைக்கணும்னா சொல்லுங்க, இன்னைக்கே அணைச்சிடுறேன். நான் அணைச்சா எல்லாரும் அணைப்பாங்க."

சிறுத்தை தன் பாதத்தைப் பார்த்தது. காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தியது. கரடி, இல்லாத ஒரு தேனீயைத் தேடியது. பரஞ்சோதி பந்தல் துணியின் நிறத்துக்கு மாறி, இருந்த இடம் தெரியாமல் போனார். ஒலிபெருக்கி தங்கப்பழத்தின் கையில் இருந்தது.

எல்லோரும் தவளையைப் பார்த்தார்கள்.

தங்கப்பழம் குட்டையைப் பார்த்தது. பெட்டிகள் அணைந்தால் நல்லதுதான். முதன்முதலில் இதைக் கேட்டுத்தானே அது அலுவலகத்துக்கு நடந்தது! அணைத்தால் விறகு மிஞ்சும், மரம் மிஞ்சும், வெயில் தணியும், மழை தன் மாதத்துக்குத் திரும்பி வரும். அதெல்லாம் வர ஆண்டுகள் ஆகும். ஆனால் பெட்டி அணைந்த காட்டில் அடுத்த வாரம் எதற்கு விழா? விழா இல்லாவிட்டால் கொம்பையா எதற்கு வரும்? கொம்பையா வராவிட்டால், அந்த முன்னங்கால்கள்? தோளுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் குட்டிக் கைகள்?

வெறும் 'ஆமாம் ராஜா' என்ற இரண்டு சொல். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தவளைக்குத் தொண்டை பெரியது. இரண்டு சொல் அங்கேயே தங்கிக்கொள்ள நிறைய இடம் இருந்தது.

"என்ன ராஜா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றது தங்கப்பழம், ஒலிபெருக்கியில் குரல் தழுதழுக்க. "உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? வெயில்ல நீங்க வாடிப்போனா எங்க குட்டைக்கு யார் வந்து கையசைப்பா? நீங்க குளிர்ச்சியா இருங்க. அதுதான் எங்களுக்குக் குளிர்ச்சி."

பந்தல் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்தக் காடு கேட்டதில்லை. கரடி எழுந்து நின்று தட்டியது. பரஞ்சோதி மறுபடி தெரிய ஆரம்பித்தார். ராஜாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, போனது. "சரி, நீங்களே சொல்லும்போது..." என்று சொல்லிவிட்டு, மடக்கி வைத்ததைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. ஈரத்தரையில் ஏதோ ஊர்ந்து வருவதைத் தங்கப்பழம் பார்த்தது. உடம்பெல்லாம் சேறு. செதில்கள் உரிந்திருந்தன. விரால் மீன். விரால் கொஞ்ச தூரம் நிலத்தில் ஊர்ந்து வரும், ஈரம் இருந்தால்.

"நீதானே தங்கப்பழம்?" என்று மூச்சு வாங்கியது விரால். "நான் வேலம்மா. கீழ்க்குட்டைக்காரி."

கீழ என்ற சொல்லைக் கேட்டதும் தங்கப்பழத்தின் கண்கள் பாதி உள்ளே போய்விட்டன.

"இங்க விழா நடக்கிறப்பல்லாம் அங்க யானை வந்து உறிஞ்சிட்டுப் போவுது. எங்கிட்டயும் குஞ்சுங்க இருக்கு. செக்கச்செவேல்னு, கூட்டமா என் தலைக்கு மேலதான் மேயும். இப்ப சேத்துல கிடக்கு. பாதி போச்சு."

தங்கப்பழத்துக்கு எட்டூருக்குக் கேட்கும் வாய்.

"யக்கா..." என்று அது முணுமுணுத்தது. "சத்தியமா எனக்கு..."

"அட, அதை விடுடீ" என்றது வேலம்மா. "நியாயம் கேக்க நான் இம்புட்டுத் தூரம் நெஞ்சைத் தேச்சுக்கிட்டு வரலை. நியாயத்தை வச்சுத் தண்ணியா ஊத்த முடியும்? மிச்சக் குஞ்சு இருக்கு. இந்த விழா எப்படி எடுக்கிறதுன்னு சொல்லிக் குடு."

தங்கப்பழம் சொல்லிக்கொடுத்தது. நெஞ்சிலிருந்த பச்சைச் சின்னத்தைக் கழற்றி வேலம்மாவின் துடுப்பில் குத்திவிட்டது. "பரஞ்சோதி சாரைப் பாருங்கக்கா. தண்ணி இல்லைன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராதீங்க. ராஜா வந்தா கீழ்க்குட்டையில படம் நல்லா விழும்னு சொல்லுங்க. கரடிக்கும் காட்டெருமைக்கும் ஒரே அளவு மாலை. மறந்துராதீங்க."

வேலம்மா ஈரம் காய்வதற்குள் ஊர்ந்து போனது. விரால் நல்ல பேச்சுக்காரி. கீழ்க்குட்டையில் 'சேறு வளப் பெருவிழா' உடனே முடிவாகிவிட்டது.

விழா நாள் காலையில் கொம்பையா வந்தது. இந்த முறை துதிக்கை காலியாக இருந்தது. தங்கப்பழத்தின் முகத்தைப் பார்க்காமல், குட்டைக்குள் துதிக்கையை விட்டது.

தங்கப்பழம் பதறிப்போய்க் குட்டையைப் பார்த்தது. தண்ணீரில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தது. கல்வெட்டுகளின் நிழலில், பாதி வாலும் நாலு காலுமாக, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. விடிவதற்குள் கரையேறிவிட்டிருந்தன. முன்னங்கால்கள் கடுகு கடுகாக இருந்தன. ஆனால் கால்தான்.

யானை உறிஞ்சியது. குட்டை களக் களக் என்று அடியைக் காட்டியது. அடியில், கொஞ்சம் சின்னவையாகப் பிறந்துவிட்ட சில பிள்ளைகள் இன்னும் வாலோடு துடித்துக்கொண்டிருந்தன. தங்கப்பழம் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, நாலு கால் இருந்தவற்றை மட்டும் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டது.

அதில் ஒன்று கேட்டது: "அம்மா, தண்ணி எங்க போவுது?"

"கீழ எங்கயோ" என்றது தங்கப்பழம். "கேக்காத."

நீதி: குட்டை வற்றினால் குறை சொல்லாதே, சிறப்பு விருந்தினரைக் கூப்பிடு. அடுத்த குட்டைக்காரியும் ஒருநாள் கூப்பிடுவாள். அதற்குள் உன் பிள்ளைகளுக்குக் கால் முளைத்திருந்தால், அதன் பெயர்தான் விழிப்புணர்வு.